300 ராண்ட் கட்டினேன், முடிந்தது என்று நினைத்தேன்: தென்னாப்பிரிக்காவில் குற்றப் பதிவை நீக்கும் வழி

2011 டிசம்பரில் டர்பன் பக்கம் ஒரு மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம். வாய்ச்சண்டை கைச்சண்டையாகிவிட்டது. என்னையும் இன்னும் இரண்டு பேரையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சார்ஜ் ஆபீஸில் (ஸ்டேஷனில் வழக்கு எழுதும் இடம்) இருந்தவர், "300 ராண்ட் கட்டிவிட்டுப் போ, இல்லையென்றால் திங்கட்கிழமை வரை உள்ளே இரு" என்றார். மறுநாள் மாமா மகளுக்குக் கல்யாணம். அப்பா ஓடிவந்து பணத்தைக் கட்டினார். விரலில் மை தடவி ஒற்றினார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கல்யாணத்து வெஜிடபிள் பிரியாணி எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் ஞாபகமில்லை.

எட்டு வருஷம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பஸ் ஓட்ட ஒரு வேலை கிடைத்தது. சட்டைக்கு அளவெடுத்த பிறகு கூப்பிட்டு, "உங்கள் பேரில் கிரிமினல் ரெக்கார்ட் இருக்கிறது" என்றார்கள். நான் கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை. அன்றிலிருந்து பதிவு சுத்தமாகும்வரை மூன்றரை வருஷம் அலைந்தேன். அதில் முக்கால்வாசி அலைச்சல் தேவையே இல்லாதது. நான் விழுந்த குழிகளில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் பேரில் இருப்பது ரெக்கார்ட்தானா என்று பாருங்கள்

கைதானாலே ரெக்கார்ட் என்று பயப்பட வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கியிருந்தாலோ கோர்ட் உங்களை விடுவித்திருந்தாலோ தண்டனைப் பதிவு கிடையாது. ஆனால் விரல்ரேகை எடுத்திருந்தால், முடிவு என்னவென்று குறிக்கப்படாமல் அந்த வழக்கு போலீஸ் கணினியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் வழக்கு நடந்த கோர்ட்டின் கிளார்க்கிடம் போய், என்ன முடிவானது என்று முத்திரையிட்ட நகல் வாங்கிக் கொடுத்தால் போதும். கீழே சொல்லும் பெரிய நடைமுறை உங்களுக்குத் தேவையில்லை.

பார்க்கிங் அபராதம், வேக அபராதம் போன்றவற்றுக்கு விரல்ரேகை எடுப்பதில்லை, அவை ரெக்கார்டாக வருவதுமில்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது இந்தக் கணக்கில் சேராது. அது முழு வழக்கு.

பலரும் மாட்டிக்கொள்வது நான் மாட்டிய இடத்தில்தான்: அட்மிஷன் ஆஃப் கில்ட். 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, ஸ்டேஷனில் கட்டும் இந்த அபராதம் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம். கோர்ட் கிளார்க் அதைப் பதிவேட்டில் ஏற்றியதும் நீங்கள் தண்டிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறீர்கள். விரல்ரேகையும் பிரிட்டோரியாவில் உள்ள போலீஸ் குற்றப்பதிவு மையத்துக்குப் போயிருந்தால் அது குற்றப் பதிவாகவே நிற்கும். கடை வாசல் தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை, சின்னத் திருட்டு, கஞ்சாப் பொட்டலம் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் இப்படி ஒரு ரசீது மூலையில் கிடக்கும்.

இன்னும் பணம் கட்டவில்லையா? கட்டாதீர்கள், முதலில் தாளைப் படியுங்கள். சின்னக் குற்றமென்றால் ஸ்டேஷனிலேயே போலீஸ் பெயில் கேட்கலாம். பெயிலுக்குக் கட்டும் பணம் வேறு, அபராதம் வேறு. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே மாதிரி ரசீதில் வருவதால்தான் குழப்பம். "இது பெயிலா, அட்மிஷன் ஆஃப் கில்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்த 48 மணி நேரம் வார விடுமுறையில் முடிந்தால் அடுத்த கோர்ட் நாள்வரை இழுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடிபட்டவர்கள் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டுவது அதனால்தான். கோர்ட்டுக்குப் போனால் டைவர்ஷன் தரச் சொல்லி அரசு வக்கீலிடம் கேட்கலாம். கவுன்சலிங், சமூக சேவை என்று ஏதாவது செய்து முடித்தால் வழக்கு வாபஸாகும், பதிவும் வராது.

கட்டும்போது யாரும் ஒன்றும் விளக்கவில்லை என்றால், அந்தத் தண்டனையையே ரத்துசெய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க ஒரு வழி உண்டு. அப்படி ரத்தான வழக்குகளும் உண்டு. வக்கீல் செலவு தாங்காதவர்கள் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் இலவச எண் 0800 110 110க்குக் கூப்பிட்டுத் தங்கள் வழக்கு தேறுமா என்று கேட்டுக்கொள்ளலாம். பத்து வருஷம் ஆகாதவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். நான் 2019லேயே விசாரித்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

2. எந்தக் கதவு மூடும், எந்தக் கதவு மூடாது

ஓட்டுரிமை போகாது. சிறைக்குள் இருப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1999லும் 2004லும் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு உதவித்தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "ரெக்கார்ட் இருக்கிறது, பென்ஷன் நின்றுவிடும்" என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டியைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வெறும் புரளி.

தேர்தலில் நிற்க வேண்டுமானால்தான் தடை. அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து வருஷம் ஆகும்வரை நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. 2024 மே மாதம் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா வழக்கில் நாடே பேசியது இந்த விதியைப் பற்றித்தான்.

வேலை விஷயத்தில் நிலவரம் இடத்துக்கு இடம் மாறும்.

டாக்ஸி, பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தேவையான தொழில்முறை ஓட்டுநர் அனுமதிக்கு முந்தைய ஐந்து வருஷத்தைத்தான் பார்ப்பார்கள். குடித்து ஓட்டியது, கண்மூடித்தனமாக ஓட்டியது, வன்முறை கலந்த குற்றம் ஆகியவை அதில் இருக்கக் கூடாது. அட்மிஷன் ஆஃப் கில்ட் கட்டியதும் சேர்த்தி. எனக்கு எட்டு வருஷம் ஆகியிருந்ததால் அனுமதி தடையில்லாமல் கிடைத்தது. வேலை தருகிறவர்தான் மாட்டேன் என்றார். இரண்டும் வேறு வேறு வாசல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செக்யூரிட்டி வேலைக்குப் பதிவு செய்ய, சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களில் எதற்காகவும் முந்தைய பத்து வருஷத்தில் தண்டனை இருக்கக் கூடாது. ஆசிரியர் பதிவுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் (உங்கள் பேரில் பதிவு உண்டா என்று போலீஸ் தரும் சான்றிதழ்) கட்டாயம். பிள்ளைகளோடு புழங்கும் எந்த வேலையானாலும் பிள்ளைகள் பாதுகாப்புப் பதிவேட்டையும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டையும் தனியே பார்ப்பார்கள். திருட்டு, மோசடி, கையெழுத்துப் போலி போன்ற நேர்மைக்கேடான குற்றத்தில் தண்டனை இருந்தால், தண்டனை முடிந்து ஐந்து வருஷம்வரை கம்பெனி டைரக்டராக இருப்பதற்குத் தடை வரலாம். கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கோயில் பதிவு செய்த லாபநோக்கற்ற அமைப்பு என்றால், 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொறுப்பாளர்களுக்கும் இதே மாதிரித் தகுதிநீக்கம் உண்டு. காவடிக்கு முன்னால் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சட்டம் தடுக்காத வேலைக்கும் ரெக்கார்டைக் காட்டி ஆளை ஒதுக்குகிற கம்பெனிகள் உண்டு. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பழைய தண்டனைக்காக ஒருவரை ஒதுக்கியது நியாயமற்ற பாகுபாடு என்று 2024இல் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக விண்ணப்பத்தில் "இல்லை" என்று பொய் எழுதிவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தால் உங்களை அனுப்ப அந்தப் பொய்யே போதும். அப்போது பழைய குற்றத்தைவிடப் பொய்தான் பெரிதாகிவிடும்.

3. நீக்கத் தகுதி உண்டா என்று கணக்குப் போடுங்கள்

எங்கள் ஆட்களிடையே உலாவும் பெரிய தப்பு இது: "பத்து வருஷம் ஆனால் தானாக அழிந்துவிடும்." அழியாது. பத்து வருஷத்தில் உங்களுக்குக் கிடைப்பது விண்ணப்பிக்கும் உரிமைதான். நான் இந்தப் பேச்சை நம்பி 2019இலிருந்து 2021 முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 271பி பிரிவின்படி பார்க்க வேண்டியவை இவை. தண்டனை விதித்து பத்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். தண்டனை 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம், அல்லது அதே வரம்புக்குள் அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்போடு தந்த சிறை, அல்லது முழுவதும் நிறுத்திவைத்த சிறைத்தண்டனை, அல்லது வெளியில் இருந்தபடி சீர்திருத்தக் கண்காணிப்பு என்ற வகையில் இருக்க வேண்டும். அந்தப் பத்து வருஷத்துக்குள் அபராத வாய்ப்பில்லாத சிறைத்தண்டனை எதுவும் வந்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றமென்றால், மேலே சொன்ன பதிவேடுகளிலிருந்து பெயர் நீங்காமல் இது நடக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது தேதி. சண்டை நடந்த நாளும் பணம் கட்டிய நாளும் கணக்கில் இல்லை, தண்டனை பதிவான நாள்தான் கணக்கு. நான் பணம் கட்டியது 2011 டிசம்பரில். பதிவில் இருந்ததோ 2012 ஜனவரித் தேதி. சில வார வித்தியாசம்தான், ஆனால் முந்திக்கொண்டு அனுப்பினால் திரும்பி வரும்.

அபராத வாய்ப்பில்லாமல் நேரடிச் சிறைக்குப் போனவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு அரசியலமைப்பின் 84ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் மன்னிப்பு மட்டும்தான் உண்டு. அதுவும் நீதித்துறை (அரசின் நீதி அமைச்சகம்) வழியாகத்தான் போகும், நீண்ட காலம் எடுக்கும்.

குற்றம் நடந்தபோது 18 வயது ஆகாதவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டம் தனி. சின்னக் குற்றத்துக்கு ஐந்து வருஷம், அதைவிடப் பெரியதற்குப் பத்து, மிகப் பெரியதற்கு நீக்கமே இல்லை. நிறவெறிக் காலச் சட்டங்களில் தண்டிக்கப்பட்ட தாத்தா பாட்டிமாருக்கு 271சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பத்து வருஷக் கணக்கு அங்கே இல்லை, போலீஸே நீக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

கொரோனா ஊரடங்கில் அபராதம் கட்டி மாட்டியவர்களுக்குத் தனியாக ஒரு சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. பத்து வருஷம் காத்திருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருக்காமல் லீகல் எய்டில் கேளுங்கள். கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள், 2024 மே மாதம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட கஞ்சாச் சட்டத்தில் நீக்கம் பற்றிய பகுதி அமலுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தான அன்றே ஒரு சட்டம் அமலாகிவிடுவதில்லை.

4. போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் எடுங்கள்

இது இல்லாமல் அடுத்த படி கிடையாது. பதிவில் என்ன குற்றம், எந்தத் தேதி, எந்த ஊர், என்ன தண்டனை என்பதெல்லாம் இதில்தான் தெரியும். உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள், இந்தத் தாளை நம்புங்கள்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: ஐடி புத்தகம் அல்லது ஸ்மார்ட் கார்டு, அதன் நகல், பணம். கட்டணம் ஏப்ரலை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. கையில் 200 ராண்ட் வைத்துக்கொண்டு போங்கள், அதை ஒட்டித்தான் வரும். எந்த ஸ்டேஷனிலும் சார்ஜ் ஆபீஸில் கேட்கலாம். விரல்ரேகையை எஸ்ஏபிஎஸ் 91(ஏ) என்ற படிவத்தில் எடுப்பார்கள். வேறு தாளை எடுத்தால் நிறுத்தி, "கிளியரன்ஸுக்கு" என்று இன்னொரு தடவை சொல்லுங்கள். ரசீதை போட்டோ எடுத்து வையுங்கள். பிரிட்டோரியாவில் பிரான்சிஸ் பார்ட் தெருவில், பொதோங்கோ பிளாசா வெஸ்ட் கட்டடத்தில் உள்ள குற்றப்பதிவு மையத்துக்கு அது போய்ச் சேர்ந்த பிறகு 15 வேலை நாள் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. போய்ச் சேரும் நாள் அதில் சேராது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நான் பூச்சு வேலை செய்தவன். பதினைந்து வருஷம் சிமென்டில் கை வைத்ததில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஆறு வாரம் கழித்து, "ரேகை தெளிவில்லை, திரும்ப எடுக்கவும்" என்று வந்தது. கட்டட வேலை, சலவை, சமையல் வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரியில் கைக்கு எண்ணெய் தடவுங்கள். போகும் அன்றைக்கு எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். மை அப்பிப் போனால் கூச்சப்படாமல் இன்னொரு தாளில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை நான் காலை ஏழு மணிக்கே போனேன். கூட்டமில்லை, எடுத்தவரும் பொறுமையாக ஒவ்வொரு விரலாக உருட்டி எடுத்தார்.

பெயரில் இன்னொரு குழி. நம் பெயர்களை இந்த ஊர் எப்படியெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று குடும்பப் பெயரிலேயே அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு ஒரு எழுத்து. வீட்டுப் பெயரைச் சொல்லிச் சார்ஜ் ஆபீஸில் அதையே எழுதிக்கொண்டவர்களும் உண்டு. பழைய வழக்கில் இருக்கும் பெயரும் இப்போதைய ஐடியில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் எழுதிச் சத்தியம் செய்து வையுங்கள். ஸ்டேஷனிலேயே இலவசமாகச் செய்து தருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்கள் திருமணச் சான்றிதழின் நகலையும் சேர்க்க வேண்டும்.

5. ஜே 744 படிவம்

நீக்கத்துக்கான விண்ணப்பம் இதுதான். நீதித்துறையின் இணையதளத்திலும் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலும் கிடைக்கும். கட்டணம் கிடையாது. திரும்பச் சொல்கிறேன், கட்டணம் கிடையாது.

"இரண்டு வாரத்தில் கிளீன் பண்ணித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆட்கள் செய்வதெல்லாம் இதே படிவத்தை நிரப்பி இதே இடத்துக்கு அனுப்புவதுதான். என் சித்தப்பா மகன் அப்படி ஒருவரிடம் 3,500 ராண்ட் கொடுத்தான். அவனுக்குத் தண்டனையாகி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. தகுதியே இல்லை என்று தெரிந்தே வாங்கிக்கொண்டார்கள். ஒழுங்காக வேலை செய்யும் நிறுவனங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் வரிசையை யாரும் தாண்ட முடியாது.

படிவத்தில் குற்றம், தேதி, கோர்ட், தண்டனை ஆகியவற்றைக் கிளியரன்ஸ் தாளில் உள்ளபடியே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையை அங்கே எழுத வேண்டாம். "நான் அடிக்கவே இல்லை, தடுக்கத்தான் போனேன்" என்று நான் முதலில் அரைப் பக்கம் எழுதினேன். கோர்ட் கிளார்க் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "மகனே, இங்கே யாரும் வழக்கை மறுபடி விசாரிக்கப் போவதில்லை, புதுத் தாளில் எழுது" என்றார். நல்ல மனுஷி.

ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் கிளியரன்ஸ் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

இணைக்க வேண்டியவை: கிளியரன்ஸ் சான்றிதழின் அசல், அசலின் நகல்தான் என்று முத்திரை இட்ட ஐடி நகல், தேவையானால் பெயர் அஃபிடவிட். எல்லாவற்றையும் ஒரு செட் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். அசலை அனுப்பிவிட்டு நகல் இல்லாமல் நின்றால் நாலாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

6. அனுப்புவது

விண்ணப்பம் பிரிட்டோரியாவில் உள்ள நீதித்துறையின் டைரக்டர் ஜெனரலுக்குப் போக வேண்டும். அஞ்சல் முகவரி பிரைவேட் பேக் எக்ஸ்81, பிரிட்டோரியா 0001. அஞ்சலில்தான் நான் முதல் தடவை அனுப்பினேன். நாலு மாதம் கழித்துப் போன் செய்தால், "உங்கள் பேரில் ஒன்றும் வரவில்லையே" என்றார்கள்.

கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரைவேட் பேக் என்பது தபால் நிலையத்துப் பெட்டி, கூரியர்காரர் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. தெரு முகவரி வேண்டும். அனுப்பும் அன்றைக்கு நீதித்துறை இணையதளத்தைப் பார்த்து அதை எழுதுங்கள். டர்பனிலிருந்து கூரியருக்கு அப்போது எனக்கு 150 ராண்ட் ஆனது. யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பது போனிலேயே வந்துவிடும். பிரிட்டோரியாவிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ சொந்தக்காரர் இருந்தால் நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கி வரச் சொல்லுங்கள். நாட்கள் எண்ணத் தொடங்க வேண்டியது அந்த முத்திரைத் தேதியிலிருந்து.

7. காத்திருப்பது

எனக்கு முத்திரைத் தேதியிலிருந்து ஏழு மாதம் ஆனது. ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். மாதம் ஒரு தடவை கேளுங்கள், கேட்ட தேதியையும் பேசியவர் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டைரக்டர் ஜெனரல் மறுத்தால், தகுதி இருக்கிறது என்று காட்டி அமைச்சரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் மறுப்புக்கான காரணத்தை முதலில் படியுங்கள். பத்து வருஷம் ஆகவில்லை என்பதுதான் காரணமென்றால் அமைச்சரும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் காத்திருப்பில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், கூரியர் ரசீதையும் முத்திரை வைத்த நகலையும் இணைத்து, "நீக்க விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி சேர்க்கலாம். எனக்கு அதைப் பார்த்துத் தற்காலிகமாக லாரி ஓட்டும் வேலை ஒன்று கிடைத்தது. நைக்ரோ போன்ற அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம். தண்டனை முடித்து வருகிறவர்களுக்காக நூறு வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

8. சான்றிதழ் வந்த பிறகு

நீக்கச் சான்றிதழ் வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். நீதித்துறை உத்தரவிட்டது வேறு, போலீஸ் கணினியில் அழித்தது வேறு. பதிவு நீக்கப்பட்டதா என்று குற்றப்பதிவு மையத்துக்கு எழுத்தில் கேட்டால் அவர்கள் எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். சான்றிதழின் நகலை வைத்துக் கேளுங்கள். அதன்பின் ஒரு மாதம் விட்டுப் புதிதாக ஒரு கிளியரன்ஸ் எடுங்கள். இன்னொரு 200 ராண்ட் என்று பார்க்காதீர்கள். எனக்கு அப்படி வந்த தாளில் பதிவு எதுவும் இல்லை என்று இருந்தது. அதைத்தான் வேலை கேட்கும் இடத்தில் காட்டுகிறேன்.

முன்பு உங்களைச் சோதித்த கம்பெனியிடம் பழைய அறிக்கை இன்னும் இருக்கலாம். குற்றத் தகவல் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புக் காப்புள்ள வகை. நீக்கச் சான்றிதழை அனுப்பி, பழைய அறிக்கையைத் திருத்தவோ அழிக்கவோ எழுதிக் கேளுங்கள்.

9. வெளிநாடு போகிறவர்களுக்கும் வேலை விசாவில் வந்தவர்களுக்கும்

இங்கே அழிந்த பதிவை எல்லா நாடும் அழிந்ததாக எடுத்துக்கொள்ளாது. அமெரிக்க விசாவுக்கு, நீக்கப்பட்ட தண்டனையையும் சொல்லத்தான் வேண்டும். பழனிக்கும் திருப்பதிக்கும் போக இந்திய இ-விசா போடுகிறவர்கள் கவனியுங்கள்: எந்த நாட்டிலாவது கைதோ வழக்கோ தண்டனையோ உண்டா என்று படிவம் கேட்கிறது. தண்டனை அழிந்தாலும் கைதானது நடந்த விஷயம். நான் "ஆம்" என்று எழுதி, இரண்டு வரியில் விளக்கி, நீக்கச் சான்றிதழ் இருப்பதையும் குறிப்பிட்டேன். விசா வந்தது.

இதற்காகவே, பதிவு அழிவதற்கு முன்பு கோர்ட்டிலிருந்து வழக்குத் தாளின் முத்திரை நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழிந்த பிறகு ஏதாவது ஒரு தூதரகம் "என்ன வழக்கு, காட்டு" என்று கேட்டால், காட்ட ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எனக்கு இதைச் சொன்னதும் அதே கிளார்க் அம்மாதான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் போலீஸ் சான்றிதழையும் இங்குள்ள விசாவுக்கும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கும் கேட்பார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அங்கிருந்து வர மாதக்கணக்காகும். விசா நீட்டிப்பு நெருங்கும் நேரத்தில் சண்டையில் மாட்டி, "300 ராண்ட்தானே" என்று சார்ஜ் ஆபீஸில் கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கட்டும் முன் 0800 110 110க்கு ஒரு போன் போடுங்கள்.

10. மொத்தச் செலவும் நாளும்

எனக்கு ஆனது: கிளியரன்ஸ் இரண்டு தடவை, ரேகை திரும்ப எடுக்கப் போய்வந்த பெட்ரோல், நகல்கள், ஒரு தபால், ஒரு கூரியர். எல்லாம் சேர்த்து 700 ராண்டுக்குள். இன்றைக்கு ஒழுங்காகச் செய்தால் கிளியரன்ஸுக்கு ஒன்றரை மாதம், விண்ணப்பத்துக்கு ஆறேழு மாதம், உறுதிப்படுத்த ஒன்றிரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வேலைக்குச் சேர வேண்டுமென்றால் இந்த மார்ச்சுக்குள் ரேகை கொடுத்திருக்க வேண்டும்.